இரஞ்சித்தின் ஏழு படங்கள்

2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் "கபாலி" வெளிவந்தபோது இந்நாட்டுத் தமிழர் கொண்ட மகிழ்ச்சியை நாம் இன்னும் மறக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் படங்களில் மலேசியா என்றால் இரட்டைக் கோபுரத்தின்முன் ஒரு பாட்டும், அகன்ற சாலையில் ஒரு மோட்டார்த் துரத்தலும் என்பதே வழக்கமாயிருந்தது. அந்தச் சாலையைப் போட்டவன் யார், அந்தச் சாலைக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் யார் என்று கேட்பாரில்லை. முதன்முறையாக ஒரு பெரும்படம், பெரும்நடிகரைக் கொண்டு, நம் கதையைச் சொல்ல வந்தது. குடும்பம் குடும்பமாகக் கொட்டகைக்குச் சென்றோம். திரும்புகையில் பாதி நிறைவும் பாதி குறையுமாகத் திரும்பினோம். அக்குறை யாது என்பதை அன்று நம்மாற் சொல்லக்கூடவில்லை.

இன்று அதைச் சொல்ல முயல்கிறோம். அந்த ஒரு படத்தை மாத்திரம் எடுத்துப் பேசினால் விளங்காது. அதனை ஆக்கிய திரு. பா. இரஞ்சித் 2012 முதல் 2024 வரை இயக்கிய முழுநீளப் படங்கள் ஏழினையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஆதலின் கடையிலிருந்து தலைவரை அவற்றை வரிசைப்படுத்துகிறோம். 2022-இல் ஒரு தொகுப்புப் படத்துக்காக அவர் எடுத்த குறும்படத்தை இக்கணக்கிற் சேர்க்கவில்லை.

கலையைத் தராசில் வைத்து நிறுப்பது தகுமோ என்று சிலர் வினவலாம். தகும் என்பதே நமது கருத்து. விரும்பியதை விரும்பினோம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. ஒன்றனை மற்றொன்றனுக்கு மேல் வைக்கும்போதுதான் ஏன் என்ற கேள்வி பிறக்கிறது. அதற்கு விடை தேடும்போதே நாம் எதனை மதிக்கிறோம் என்பது நமக்கே தெரியவருகிறது.

அளவுகோல்

ஆவடிக்கு அருகில் கரலப்பாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்து, சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர் இரஞ்சித். அவருடைய ஏழு படங்களுக்கும் நோக்கம் ஒன்றே. தமிழ்ப் படங்களில் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்ற மக்களைத் திரையின் நடுவில் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வது அது. அந்நோக்கத்தில் நமக்கு மாறுபாடு கிடையாது. அதை நாம் போற்றுகிறோம். ஆயின் நல்ல நோக்கம் வேறு, நல்ல படம் வேறு. நோக்கத்துக்காக மதிப்பெண் இடுவதாயின் ஏழும் முதலிடத்தில் நிற்கும்; மதிப்புரைக்கு வேலையே இராது.

எனவே நாம் வைக்கும் அளவுகோல் இது. இப்படத்து மக்கள் தங்கள் தெருவிலிருந்தும் தொழிலிலிருந்தும் சண்டை சமாதானத்திலிருந்தும் தம் மானத்தைத் தாமே ஈட்டுகிறார்களா? அன்றி ஒரு பெரும்நடிகரோ, ஒரு குறியீடோ, ஒரு சொற்பொழிவோ அதை அவர்களுக்குத் தானமாக வழங்குகிறதா?

ஏழாவது: கபாலி (2016)

இதனைக் கடையில் வைக்கக் கண்டு நம்மவர் சிலர் சினங்கொள்ளக் கூடும். பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நல்லன இதில் இல்லாமலில்லை. சிறையிலிருந்து விடுதலையாகும் கபாலீஸ்வரன் கையில் தொடக்கத்திலேயே ஒரு நூல் இருக்கிறது. தெலுங்கு நாட்டுத் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றின் தலைமுறை வரலாற்றை ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய "என் தந்தை பாலையா" அது. கதாநாயகன் சிறையில் உடற்பயிற்சி செய்வதையே கண்டு பழகிய நமக்கு, அவன் படிப்பது புதிது. வழிதவறிய பிள்ளைகளுக்கென நடைபெறும் பள்ளியைக் காட்டியதும் நன்று. இறந்துவிட்டாள் என்று நம்பிய மனைவி குமுதவல்லியைத் தேடி அவன் புதுச்சேரிவரை அலையும் பகுதியில் ரஜினிகாந்த் தம் வயதுக்கேற்ற கணவராக, கலங்கிய முதியவராக நடித்திருப்பது, அவர் நெடுங்காலமாகச் செய்யாத ஒன்று.

குறை எங்கே? தோட்டத்தில் சம கூலிக்காகப் போராடிய இளைஞன் எவ்வாறு குண்டர் கூட்டத்தின் தலைவனானான் என்பதே இக்கதையின் கரு. அதுவோ முன்கதையாகச் சுருங்கி ஓடிவிடுகிறது. எஞ்சியது, நல்ல கூட்டத்துக்கும் தீய கூட்டத்துக்கும் நடக்கும் துப்பாக்கிச் சண்டை. தோட்டங்களை வைத்துப் பொருள் ஈட்டிய கம்பெனிகள் மறைந்துபோக, டோனி லீ என்னும் சீனன் ஒருவனே தீமையின் உருவாக நிற்கிறான். பல இனத்தார் அண்டை வீட்டாராக வாழும் நாட்டில் இவ்வளவு எளிய கணக்கு நம் வரலாற்றுக்கு நியாயம் செய்யாது.

கபாலி கோட்டு அணிவதற்கு இப்படம் ஒரு காரணம் சொல்கிறது. காந்தியார் மேலாடையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் பின்னாலுள்ள அரசியலை எடுத்துரைக்கிறது. கருத்து உண்மையானதே, மறுக்கவில்லை. ஆனால் அக்கோட்டு நம் மண்ணில் தைத்தது அன்று. நம் மண்ணில் மானத்துக்கு வேறோர் அடையாளம் இருந்தது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு ஒப்பான கூலி வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. துரையையோ தோட்டத்து உத்தியோகஸ்தரையோ எதிரில் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் துறந்தனர். வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரு தொழிலாளி சொன்னதில், நூறு கோட்டுகளில் இல்லாத நிமிர்வு உண்டு. இரஞ்சித்தின் கூர்ந்த கண்ணுக்கு இக்காட்சி கிட்டியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணுங்கால் நமக்கு ஏக்கமே மிஞ்சுகிறது.

முடிவில் ஒரு வெடியோசை கேட்கிறது; கபாலி பிழைத்தானா, மாண்டானா என்பது நம் ஊகத்துக்கு விடப்படுகிறது. இந்நாட்டுக் கொட்டகைகளிலோ, அவன் போலீசிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்புடன் படம் முடிந்தது. நம் கதைக்கு முடிவு சொல்ல நமக்கு வாய்ப்பில்லாமற் போனதற்கு இதுவும் ஒரு சான்று போலும்.

ஆறாவது: தங்கலான் (2024)

1850-ஆம் ஆண்டு, வட ஆர்க்காட்டு வேப்பூர். நிலத்தை இழந்த உழவன் ஒருவன் வெள்ளைக்கார அதிகாரியுடன் தங்கம் தேடிக் கோலார்ப் பக்கம் செல்கிறான். இவ்வட ஆர்க்காடு நமக்கு அயலூரன்று. இந்நாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. ஒரே வறுமை சிலரைக் கப்பலேற்றியது. சிலரைச் சுரங்கத்தில் இறக்கியது. 1880-க்குப்பின் ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டத் தொடங்கி, 2001-இல் மூடப்பட்ட கோலார்ச் சுரங்கத்தில் தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ தலைமுறை வெந்தனர்.

இம்முயற்சியின் துணிவு பெரிது. பெண்களுக்கு முதன்முதல் இரவிக்கை கிடைக்க, அதை அணிந்து அவர்கள் கூச்சமும் களிப்புமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியை இரஞ்சித்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றென்போம். ஒரு பேச்சும் இன்றி ஒரு நூற்றாண்டின் இழிவு அங்கே விளங்கிவிடுகிறது. நாமமும் பூணூலும் தரித்துத் தன்னை உயர்த்திக்கொள்ள முயலும் முதியவராகப் பசுபதி நடித்த பாத்திரமும் அத்தகையதே.

பிற்பகுதியில் கனவும் நனவும், மாயக்காரியும் பாம்பும், முற்பிறவியும் இப்பிறவியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. மண் வெட்டியவன் கை காய்த்ததைக் காணவந்த நாம் குறியீடுகளுக்குப் பொருள் கூட்டிக் களைத்துப்போகிறோம். குறியீட்டின் பாரத்தால் மனிதர் மறைந்தனர்.

ஐந்தாவது: நட்சத்திரம் நகர்கிறது (2022)

புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு. ஆணவக் கொலையைப் பற்றி அவர்கள் ஒரு நாடகம் ஆயத்தம் செய்கின்றனர். காதல் என்பது இருவர் விஷயமா, இரு சாதிகளின் விஷயமா என்று விவாதிக்கின்றனர். இக்குழுவில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிப்போரும் உளர். அவர்களைக் கேலிப்பொருளாக்காமல் மனிதராகவே காட்டிய பண்பு பாராட்டற்குரியது.

துஷாரா விஜயன் நடித்த ரெனே என்பவள் உயிருள்ள பெண். இரக்கத்தை இரவாள், ஒருவன் குற்றம் செய்தால் அதைச் சொல்லுவாள், திருந்த விரும்பினால் அதற்கும் இடம் கொடுப்பாள். அவளிடம் தவறி நடந்து பின்னர் மெல்ல மெல்ல மாறும் அர்ஜுனும் நம்பத்தக்கவனே. மற்றையோரோ ஆளுக்கொரு கருத்தைச் சுமந்துவந்து இறக்கிவைத்துவிட்டுப் போகின்றனர். அவர்கள் என்ன உண்பர், எதற்கு அஞ்சுவர், வீட்டில் யாருடன் பிணங்குவர் என்பதை நாம் அறியோம். சீர்திருத்தம் பேசும் நம் போன்றோருக்கு இது நல்ல எச்சரிக்கை. நம் மேடைகளிலும் இக்குறை உண்டன்றோ?

நான்காவது: காலா (2018)

மீண்டும் ரஜினிகாந்த், மீண்டும் எளியோரின் காவலர். ஆயினும் கபாலியைவிட இது எத்தனையோ படி மேலானது. காரணம், இங்கே ஓர் ஊர் இருக்கிறது. பம்பாயின் தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்தாரும் மராட்டியரும் முஸ்லிம்களும் நெருக்கி வாழும் சந்துகள், சலவைத்துறை, மனைவி செல்வியின் ஓயாத ஏச்சு, மக்கள் மருமக்கள் கூச்சல் இவற்றின் நடுவே கரிகாலன் ஒரு குடும்பத்தலைவன். அவனுக்கு நிலம் வாழ்வு. அதை வளைக்க வரும் ஹரிதேவனுக்கு நிலம் அதிகாரம். பகைவன் தன் வீட்டுக்கு வந்தும் தண்ணீர் குடிக்காததைக் கரிகாலன் கவனிக்கிறான். தீண்டாமையைப் பற்றி ஒரு நூல் எழுதுவதற்கு அந்த ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

பகைவன் இல்லத்தில் இராமாயணம் வாசிக்கப்பெறும் வேளையில் தாராவி எரிவதை மாற்றி மாற்றிக் காட்டி, இராவணன் பக்கத்திலிருந்து கதையைக் காணச்செய்த துணிவும் சிறியதன்று. கரிகாலனின் மேசைமேல் "இராவண காவியம்" இருப்பதைக் கண்டு, புலவர் குழந்தையின் அந்நூலை அறிந்தோர் புன்னகை புரிந்திருப்பர்.

ஆயினும் பெரும்நடிகரின் இரசிகருக்குப் படைக்கவேண்டிய சண்டைகளும் பவனிகளும் இடையிடையே வந்து கதையை நிறுத்துகின்றன. தொழிலாளர் யாவரும் வேலையை நிறுத்தி நகரையே ஸ்தம்பிக்கச் செய்யும் பகுதி, படத்தின் உயிர். அது விரைவில் முடிந்துவிடுகிறது. ஆனால் இறுதியில் தலைவன் மறைந்தபின் கூட்டத்திலுள்ளோர் எல்லாரும் காலாவாகி, கருமையும் செம்மையும் நீலமும் திரையை நிறைக்கும்போது, நாயகனை மக்களுக்குள் கரைக்க இரஞ்சித் முயன்றார் என்பது தெளிவாகிறது. முழு வெற்றி இல்லையெனினும் நேர்மையான முயற்சி.

மூன்றாவது: அட்டகத்தி (2012)

முதற்படம். பெரிய நடிகர் இல்லை. பெரிய பேச்சும் இல்லை. சென்னைக்கு வெளியே ஒரு சிற்றூர், ஒரு பஸ், அதில் தொங்கிச் செல்லும் மாணவர், காதலிப்பதைத் தவிர வேறு இலட்சியமற்ற தினகரன் என்னும் இளைஞன். காதல் தோற்றால் சோகமாய் இருக்கவேண்டும் என்று சினிமாக்களிலிருந்து கற்றவன், சோகம் வரமாட்டேன் என்கிறதே என்று தவிக்கிறான். பூர்ணிமா தன்னையே நேசிக்கிறாள் என்றெண்ணி அவன் மிதக்க, அவள் நேசித்ததோ அதே பெயருடைய வேறொரு தினகரனை! அட்டையாற் செய்த கத்தி யாரையும் வெட்டாது; அதை ஏந்தியவனையும் வெட்டவில்லை. அவன் மணம் புரிந்து வாழ்க்கையிற் கலந்துவிடுகிறான்.

சாதியைப் பற்றி இதில் வாய்திறந்து ஒருவரும் பேசுவதில்லை. ஆயினும் வீடும் தெருவும் உணவும் பேச்சும் அம்மக்கள் யாவர் என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஒடுக்கப்பட்டோர் அழுவதற்கும் அடிபடுவதற்குமே திரைக்கு வரவேண்டும் என்னும் எழுதாச் சட்டத்தை, அவர்களைச் சிரிக்கவும் அசட்டுத்தனம் செய்யவும் விட்டதன்மூலம் இப்படம் உடைத்தது. இதுவே ஒரு புரட்சி என்பது பலருக்குப் பின்னரே புலப்பட்டது.

இரண்டாவது: சார்பட்டா பரம்பரை (2021)

அமேசான் பிரைம் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்த படம். கொட்டகையில் ஆயிரம் பேருடன் காணாது போனோமே என்று நம்மை வருந்தச் செய்த படம். வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற குத்துச்சண்டை வடசென்னைத் தொழிலாளர் கையில் பரம்பரைகளாய்ப் பிரிந்து, அவர்தம் மானத்தின் விளையாட்டான வரலாறு இது. 1975-இன் நெருக்கடி நிலையும், 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் கதைக்குப் பின்திரையாகாமல் கதைக்குள்ளேயே புகுகின்றன. ரங்கன் வாத்தியார் கைதாவதும் கபிலன் மேடையில் ஆடை களையப்பட்டு அவமானமுறுவதும் ஒரே நாளில் நேர்கின்றன. நாட்டின் வீழ்ச்சியும் ஒருவனின் வீழ்ச்சியும் ஒன்றாகத் தைக்கப்பட்டுள்ளன.

இங்கே சிறுபாத்திரம் என்று ஒன்று இல்லை. ஆடி ஆடிக் குத்தும் டான்சிங் ரோஸ், ஆங்கிலம் கலந்து பேசும் கெவின் டாடி, கணவன்முன் தன் பசியையும் கோபத்தையும் உரிமையுடன் கொட்டும் மாரியம்மா, குத்துச்சண்டையால் கணவனை இழந்து மகனை அதிலிருந்து காக்கப் போராடும் பாக்கியம் ஆகிய ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு படத்துக்கு உரியவர்.

பின் இதனை முதலில் வையாதது ஏன்? சாராயத்தில் விழுந்தவன் எழுந்து, பயிற்சி பெற்று, எதிரியை வீழ்த்தும் பிற்பகுதி நாம் முன்னமே நடந்து பழகிய பாதை. மேலும் பரம்பரை மானம் என்பதே ஒரு சிறையன்றோ என்ற ஐயத்தைப் படம் எழுப்புகிறது. எழுப்பிவிட்டு, வெற்றி ஆரவாரத்தில் மறந்துவிடுகிறது.

முதலாவது: மெட்ராஸ் (2014)

வியாசர்பாடி வீட்டுவசதிக் குடியிருப்பு. அதன் நடுவே ஒரு பெருஞ்சுவர். அச்சுவரில் ஓர் அரசியல்வாதியின் உருவம். அதை வைத்திருப்பதா, மாற்றுவதா என்று ஒரே கட்சியின் இரு பிரிவினர் மோதுகின்றனர். தலைமுறை தலைமுறையாக இளைஞர் வெட்டுண்டு சாகின்றனர். சுவர் உயிர்ப்பலி கேட்கிறது என்று அப்பகுதியார் அஞ்சுகின்றனர். பேயின்மேற் பழிபோட்டால் கொலைகாரனுக்கு நிம்மதிதானே!

இப்படத்தில் மாண்டோரும் அம்மக்கள்; மடியச் செய்தோருள்ளும் அம்மக்கள் உளர். இதுவே இதன் பெருமை. அரசியலால் தன் மக்களை உயர்த்தலாம் என்று உண்மையாகவே நம்பிய அன்பு கொல்லப்படுகிறான். அவன் யாரை நம்பி நின்றானோ அந்த மாரியே எதிரியோடு கைகோத்தவன் என்பது பிறகு தெரிகிறது. வெளியிலிருந்து வரும் ஒடுக்குமுறையைக் காட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். உள்ளிருந்தே விலைபோவதைக் காட்டுவதற்குத் தன் மக்கள்மீது ஆழ்ந்த அன்பு வேண்டும். அவர்கள் கோபிப்பர் என்ற அச்சம் இன்மையும் வேண்டும்.

கார்த்தி நடித்த காளி படித்தவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், முன்கோபி, திருமணம் ஆகவில்லையே என்று அம்மாவிடம் சிணுங்குபவன். தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைகள், மாடிப்படியில் வம்பு பேசும் பெண்கள், அன்புக்கும் மேரிக்கும் இடையே எப்போதும் கூடும் ஊடலும் எல்லாம் கதை தொடங்குமுன்னரே அங்கு வாழ்ந்துகொண்டிருந்தன போல இருக்கின்றன. இறுதிச் சண்டை வழக்கமான சண்டைதான்; மறுக்கவில்லை. ஆனால் காளியின் உண்மையான அடி, எதிரியின் உடல்மேல் விழவில்லை. ஊரார் கண்முன் அந்தச் சுவரிலுள்ள முகத்தின்மேல் அவன் வீசிய வண்ணத்தில்தான் விழுந்தது. அதன்பின் படம், சிறுவர்களின் கல்வியைப் பற்றிய பேச்சோடு நிறைவுறுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம்

இப்போது வாசகர்கள் நமது குறையை உணர்ந்திருப்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், நிலமுமின்றி வேறு தொழிற்பயிற்சியுமின்றி நகரோரம் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுட் சிலர் குண்டர் கூட்டங்களிற் சேர்ந்தனர். இது நமக்கு நேர்ந்த பெருந்துயர். அவர்கள் யாருக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள்? அதனால் பயனடைவோர் யார்? இதுவே கபாலி கேட்கவேண்டிய கேள்வி. அக்கேள்வியை இரஞ்சித் கேட்க அறியாதவரல்லர். இரண்டாண்டுக்கு முன்பே "மெட்ராஸ்" படத்தில் வியாசர்பாடிப் பிள்ளைகளைக் குறித்துக் கேட்டுவிட்டார். நம் பிள்ளைகளைக் குறித்துக் கேட்கவந்தபோது பெரும்நடிகரின் நிழல் குறுக்கே விழுந்தது. அவர்களுக்குச் சுவரைக் காட்டவேண்டியவர், கோட்டைக் காட்டினார்.

இதற்காக அவரை நோவதில் பயனில்லை. அவர் வியாசர்பாடியை அறிந்தவாறு கேரித் தீவையும் கிள்ளானையும் அறியவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமுமன்று. கபாலிக்கு ஏழு மாதம் முன்னர், 2015 டிசம்பரில், இந்நாட்டு இளைஞர் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய "ஜகாட்" வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்துச் சிறுவன், வீட்டின் அடிக்கும் பள்ளியின் ஏளனத்துக்கும் இடையே சிக்கி, எப்படிக் குண்டர்களை வியந்து நோக்கத் தொடங்குகிறான் என்பதை அது சொல்லிற்று. பெரும்நடிகர் இல்லை, பகட்டு இல்லை. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருது அதற்குக் கிடைத்தது. கபாலிக்கு வரிசையில் நின்ற நம்மில் எத்தனை பேர் ஜகாட்டுக்கு நின்றோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நம் கதையைச் சொல்லவேண்டும் என்று காத்திருந்தோம், வந்தார், தம்மால் இயன்றதைச் செய்தார். மிதிவண்டியைவிட்டு இறங்க மறுத்தவனின் கதை இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது. அதனைச் சொல்லவேண்டியவர் அவன் பேரப்பிள்ளைகளே. அவர்கள் சொல்லும் நாளில் கொட்டகையில் காலி நாற்காலிகள் இராதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.